முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். இரண்டு மீட்டர் இறக்கையுள்ள மாதிரி விமானம், 30 சிசி பெட்ரோல் என்ஜின். தரையில் கட்டிவைத்து ஓட்டும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே போய் ஐந்து நிமிடம் ஆனதும், இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி த்ராட்டிலைத் திறந்தால் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் கார்புரேட்டர் ஊசியை, அதாவது உள்ளே போகும் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை, திருகிச் சரிசெய்கிறீர்கள். அடுத்த ஞாயிறு மறுபடி அதே கதை. என்ஜினை மாற்றிவிடலாமா, எண்ணெய் விகிதம் தவறா, ஊசியை எத்தனை சுற்றில் வைப்பது என்று கேட்கிறீர்கள்.

என்ஜினை மாற்ற வேண்டாம். ஊசிக் கணக்கைச் சொல்கிறேன், ஆனால் கடைசியில். வாரா வாரம் ஊசியைத் திருக வேண்டியிருக்கிறது என்பதே கோளாறு ஊசியில் இல்லை என்பதற்குச் சாட்சி. ஊசியைச் சுற்றி ஒரு சுருள்வில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அது தானாகத் திரும்பாது. சரியாக வைத்த ஊசி மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வேறு ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது, அதை நீங்கள் ஊசியால் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் முதல் மூன்று ஆண்டுகள் இதையேதான் செய்தேன்.

இந்த என்ஜின்களை உலகமெங்கும் ‘கேஸ் என்ஜின்’ என்பார்கள். நம் ஊரில் கேஸ் என்றால் அடுப்புச் சிலிண்டர், அமெரிக்கர்களுக்குப் பெட்ரோல். இவற்றுக்கு முன்னால் பரவலாக இருந்தவை மெத்தனாலில் ஓடும் க்ளோ என்ஜின்கள். அவற்றில் பழகியவர்கள் பெட்ரோலுக்கு வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே தூக்கி வருகிறார்கள்: ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் ஊசியைக் கொஞ்சம் திருகிப் பார்ப்பது. க்ளோ என்ஜினுக்கு அது தேவைப்படும். பெட்ரோல் என்ஜின் பிறந்த வீடு வேறு. மரம் அறுக்கும் செயின்சா, புல்வெட்டும் இயந்திரம், முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பான், இவற்றின் குடும்பம் அது. மரம் அறுப்பவர் காலையில் கயிற்றை இழுத்துக் கிளப்புகிறார், மாலையில் அணைக்கிறார், நடுவில் ஊசியைத் தொடுவதே இல்லை. அதே கார்புரேட்டர்தான் உங்கள் விமானத்திலும் இருக்கிறது: வால்ப்ரோ நிறுவனத்தின் கார்புரேட்டர், இல்லாவிட்டால் வால்ப்ரோவைப் பார்த்துச் செய்த ஒன்று.

‘நின்றுவிட்டது’ என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படி நின்றது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. விளக்கை அணைத்ததுபோல், எந்த முன்னறிவிப்பும் இன்றி நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். நிற்பதற்கு முன் சத்தம் ஒரு கணம் கூர்மையாகி, சுற்று ஏறி, பிறகு அணைந்தால் பெட்ரோல் போதவில்லை. மெக்கானிக்குகள் லீன் என்பார்கள். பொதபொதவென்று அடித்து, புகை கக்கித் திணறி நின்றால் பெட்ரோல் மிகுதி, அதாவது ரிச். த்ராட்டிலைத் திறந்த அந்த நொடியில், புகையே இல்லாமல், மூச்சை உள்ளே இழுத்ததுபோல் ஒரு சத்தத்தோடு நின்றால் அதுவும் லீன்தான். கார்புரேட்டரின் தகடு திறந்ததும் காற்று உடனே பாய்ந்துவிடுகிறது, பெட்ரோல் பின்தங்கிவிடுகிறது. நீங்கள் விவரித்திருப்பது இந்தக் கடைசி வகை. அதுவும் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு.

ஏன் லீன் ஆகிறது என்று தேட, கார்புரேட்டரின் உள்ளே நடப்பது தெரிந்திருக்க வேண்டும். இதில் மிதவை கிடையாது. கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருந்து அளவைப் பார்த்துக்கொள்ளும். தலைகீழாகப் புரளும் விமானத்தில் அது வேலைக்கு ஆகாது. அதனால் இங்கே டயாஃப்ரம் எனப்படும் இரண்டு மெல்லிய சவ்வுகள். முதல் சவ்வு ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழுள்ள கிராங்க் அறையில் உறிஞ்சல், கீழே வரும்போது அழுத்தம். இந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாகக் கார்புரேட்டருக்கு வந்து சவ்வை ஆட்டுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடினால் சவ்வும் 7,000 தடவை துடிக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து வருவது அதுதான். இரண்டாவது, அளவு பார்க்கும் சவ்வு. அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. என்ஜின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச இந்தச் சவ்வு உள்ளே வளைந்து ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் வால்வைத் திறக்கும். எடுத்த அளவுக்குப் பெட்ரோல் உள்ளே வரும். எல்லாம் தபால் தலை அளவுள்ள இடத்துக்குள்.

இதில் கெடக்கூடியவற்றைப் பாருங்கள். துடிப்பு வரும் துளை அடைபட்டால் பம்ப் இல்லை. ஒருமுறை நான் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துவிட்டு, கேஸ்கெட்டை, அதாவது இடையில் வைக்கும் மெல்லிய அடைப்புத் தாளை, திருப்பிப் போட்டுவிட்டேன். அதிலிருந்த ஓட்டை துடிப்புத் துளைக்கு நேராக வரவில்லை. சோக் போட்டுச் சுற்றினால் இரண்டு நொடி ஓடும், நின்றுவிடும். ஊசியை மூன்று சுற்று வரை திறந்து பார்த்தேன், இரண்டு ஞாயிறுகள் வீணாயின. ஒரு நண்பர் வந்து கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தார்.

பம்ப் மூடிக்கு அடியில் கொசுவலையைவிட நெருக்கமான ஒரு சல்லடை இருக்கும். டேங்கிலிருந்து வரும் பொடித் தூசி அங்கேதான் படியும். பாதி அடைபட்டாலும் ஐட்லிங், அதாவது மிகக் குறைந்த வேக ஓட்டம், நன்றாக இருக்கும், முழு வேகத்தில் மூச்சு வாங்கும். சவ்வுகள் வயதாகி விறைக்கும். புதுச் சவ்வு துணிபோல் துவளும், பழையது காய்ந்த வாழைச்சருகுபோல் சலசலக்கும். விறைத்த சவ்வு நெம்புகோலை நேரத்துக்கு அழுத்தாது. த்ராட்டிலைத் திறக்கும்போது பெட்ரோல் பின்தங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓராண்டோ இரண்டாண்டோ ஆகியிருந்தால் சவ்வு, கேஸ்கெட், ஊசிவால்வு அடங்கிய கிட் ஒன்றை வாங்கி மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கும் கடையிலேயே சில சமயம் பொருத்தமானது கிடைக்கும். நெம்புகோலின் உயரத்தை மட்டும் கண்ணளவில் வளைக்காதீர்கள். அதற்கென்று அளவுத் தகடு இருக்கிறது. அது இல்லையென்றால் தொடாமல் விடுவது நல்லது.

கார்புரேட்டருக்கு முன்னால் டேங்க். இன்னும் சொல்லப்போனால், என் அனுபவத்தில் கார்புரேட்டரைவிட டேங்கே பெரிய குற்றவாளி. க்ளோ என்ஜினுக்குப் பயன்படும் சிலிக்கோன் குழாயும் சிலிக்கோன் அடைப்பானும் பெட்ரோல் பட்டால் உப்பிக் கூழாகிவிடும். டைகான் என்னும் மஞ்சள் குழாயையோ, விட்டான் ரப்பர் குழாயையோ பயன்படுத்த வேண்டும். அடைப்பானும் பெட்ரோலுக்கு உரியதாக இருக்க வேண்டும். மஞ்சள் குழாயும் நிரந்தரமல்ல. டேங்குக்குள் ஊறிக்கொண்டே இருக்கும் பகுதி நாளடைவில் கெட்டிப்பட்டுச் சுருங்கும். நுனியில் எடைக்குண்டு தொங்கும் அந்தக் குழாய் வளையாமல் விறைத்துவிட்டால், விமானம் மூக்கைக் கீழே சாய்த்து இறங்கும்போது குண்டு பெட்ரோலைத் தொடராது, காற்றைக் குடிக்கும். அந்தக் காற்று கார்புரேட்டரை எட்டும் தருணமும் நீங்கள் த்ராட்டிலைத் திறக்கும் தருணமும் ஒன்றாக அமைந்தால் விளைவு நீங்கள் எழுதியதேதான். குழாயில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் இதே கதை: டேங்க் நிறைந்திருக்கும் வரை துளை பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும், ஒன்றும் தெரியாது. பாதி காலியானதும் துளை வெளியே வரும், காற்று உள்ளே போகும். உங்கள் ‘ஐந்து நிமிடம்’ என்பது டேங்க் பாதியாகும் நேரமா என்று ஒரு கணக்குப் போடுங்கள்.

சோதிப்பது எளிது. டேங்கைப் பாதி மட்டும் நிரப்பி, விமானத்தைக் கட்டி, என்ஜினை ஓட்டி, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள குழாயைப் பின்னால் இருந்தபடி பாருங்கள். குமிழ் வரிசையாக ஓடினால் ஊசியை மறந்துவிட்டு டேங்கைத் திறங்கள். குழாய் மாட்டும் ஒவ்வொரு பித்தளை முனையிலும் சிறிய நைலான் பட்டி போட்டு இறுக்குங்கள். டேங்குக்குக் காற்று வரும் குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்ததைக்கூட நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த விமானம்.

பெட்ரோல் விஷயம் இப்போது முன்னைப்போல் இல்லை. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை இந்தியா 2025-இல் எட்டிவிட்டது. இது நமக்கு மூன்று விதத்தில் தொல்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஊசி நிலையில் கலவை லீனாகிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 போதும். வெளிநாட்டுக் கையேட்டில் அச்சிட்ட ஊசி நிலையை அப்படியே வைத்தால் நம் பங்க் பெட்ரோலில் அது லீன் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டாவது, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் தனியே பிரிந்து கேனின் அடியில் தங்கும். மூன்றாவது, பழைய சவ்வுகளையும் ரப்பரையும் அது வேகமாகக் கெடுக்கும்.

கலப்பு எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழலில் 10 மில்லி தண்ணீர் விட்டு, அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, சிறிது நேரம் நிற்க விடுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியிலுள்ள அடுக்கு 10-லிருந்து 28-ஐ நெருங்கினால் 20 சதவீதக் கலப்பு. 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. திறந்த வெளியில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை என்ஜினில் ஊற்றாதீர்கள். இதே வழியில் எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டுப் பெட்ரோலைப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆக்டேன் எண்ணை உயர்த்திக் கொடுத்ததே அந்த எத்தனால்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பழைய பெட்ரோலை என் விமானத்தில் ஊற்றுவதுமில்லை. அது என் வண்டிக்குப் போய்விடும், எண்ணெய் கலக்காதிருந்தால்.

எண்ணெய் விகிதம் கேட்டீர்கள். டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு 2டி எண்ணெயைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் அதற்குப் பிந்தியவர் என்று நினைக்கிறேன். இந்த என்ஜினில் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். புது என்ஜினுக்கு முதலில் சில லிட்டர் வரை 30-க்கு 1, அதாவது லிட்டருக்கு 33 மில்லி கனிம எண்ணெய். பிஸ்டன் ரிங் பதிந்த பிறகு 40-க்கு 1 என்ற கணக்கில் லிட்டருக்கு 25 மில்லி நல்ல சிந்தெட்டிக் எண்ணெய். உங்கள் என்ஜினின் கையேடு வேறு சொன்னால் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள். காற்றால் குளிரும் என்ஜினுக்கான எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி இருந்தால் கரி குறைவாகப் படியும். படகு என்ஜினுக்கான எண்ணெய் தண்ணீரால் குளிரும் என்ஜினுக்குச் செய்தது, நமக்கு வேண்டாம். பலருக்கும் தலைகீழாகத் தோன்றும் ஒரு செய்தி: எண்ணெயைக் கூட்டினால் கலவை ரிச் ஆகாது, லீன் ஆகும். ஊசி வழியே போகும் திரவத்தின் அளவு மாறாதபோது, அதில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறைகிறது அல்லவா? ஒரு வாரம் 25 மில்லி, அடுத்த வாரம் ‘பாதுகாப்புக்காக’ 40 மில்லி என்று ஊற்றினால் ஊசியும் வாரா வாரம் மாறத்தான் வேண்டியிருக்கும். பாட்டில் மூடியில் அளக்காமல், மருந்துக்கடையில் ஒரு ஊசிக்குழல் வாங்கி அளந்து ஊற்றுங்கள்.

இனி, தரையில் ஒழுங்காக ஓடி வானத்தில் மட்டும் மக்கர் செய்வதற்குத் தனியான காரணங்கள் இரண்டு. ஒன்று வெப்பம். கௌலிங் என்கிற மூக்கு மூடியில் காற்று நுழையப் பெரிய வாய் வைத்து, வெளியேற வழி வைக்காமல் விட்டிருப்பார்கள். நுழைவாயைப்போல் இரண்டரை மூன்று மடங்கு பரப்பு வெளியேறும் வழிக்கு வேண்டும். நுழைந்த காற்று சிலிண்டரின் விசிறி மடிப்புகளுக்கு நடுவே புகுந்து போகும்படி பால்சா பலகையாலோ மெல்லிய ஒட்டுப்பலகையாலோ தடுப்பு கட்ட வேண்டும். தடுப்பு இல்லாவிட்டால் காற்று சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு சோம்பேறித்தனமாக வெளியே போய்விடும். என்ஜின் கொதிக்கும், கார்புரேட்டரும் கொதிக்கும், உள்ளே பெட்ரோல் ஆவியாகிக் குமிழாகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது, அழுத்தம். அளவுச் சவ்வின் மறுபக்கம் வெளிக்காற்று என்றேன். அந்தக் காற்று ஒரு தகட்டிலுள்ள சிறு ஓட்டை வழியாகத்தான் வருகிறது. விமானம் பறக்கும்போது கௌலிங்குக்குள் அழுத்தம் ஏறினால் அது சவ்வைத் தள்ளிக் கலவையை ரிச் ஆக்கும். இறங்கினால் லீன் ஆக்கும். வேகத்துக்கு வேகம் கலவை மாறும், ஊசியால் இதை ஒருபோதும் சரிசெய்ய முடியாது. மருந்து எளியது. தகட்டைக் கழற்றி, ஓட்டையின் மேல் ஒரு சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் காற்றோட்டம் இல்லாத விமான உடலுக்குள் விட்டுவிடுங்கள். தகட்டைக் கழற்றாமல் பற்றவைக்கப்போய்ச் சவ்வைப் பொசுக்கியவர் ஒருவர் உண்டு. அவர் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறார். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, கௌலிங்கையே கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை பறந்து பாருங்கள். கோளாறு காணாமல் போனால் குற்றவாளி பிடிபட்டான்.

மின்சாரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கோளாறு அங்கே இல்லை என்பதால். ப்ரொப்பெல்லர் அச்சில் ஒரு காந்தம், அதன் அருகே ஒரு சென்சார். காந்தம் கடக்கும்போது சிடிஐ பெட்டி பிளக்கில் பொறி விடும். சென்சார் வயர் அதிர்ச்சியில் உள்ளுக்குள் முறியும், வெளியே உறை நன்றாகவே இருக்கும். பிளக் மூடி பிளக்கின் அறுகோணப் பகுதியை அசையாமல் கவ்வியிருக்க வேண்டும். தளர்ந்தால் பொறி, ரிமோட்டின் சமிக்ஞையை விமானத்தில் வாங்கும் ரிசீவருக்குத் தொல்லை கொடுக்கும். சிடிஐ பெட்டியும் அதன் பேட்டரியும் ரிசீவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும், த்ராட்டில் கம்பி உலோகமாக இருக்கக் கூடாது. சிஎம்6 வகைப் பிளக்கில் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில்.

சரி, ஊசிக்கு வருவோம். தொடும் முன் ஒரு வார்த்தை. 18 அங்குல ப்ரொப்பெல்லர் 7,500 சுற்றில் ஓடும்போது அதன் நுனி மணிக்கு 640 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதன் தளத்தில், பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. வாலைக் கட்டுங்கள். கையில் தோல் கையுறை. ஊசியைப் பின்னால் இருந்து மட்டும் தொடுங்கள். பழக்கம் வரும் வரை ஒவ்வொரு முறையும் என்ஜினை அணைத்துவிட்டுத் திருகுங்கள். சிடிஐ சுவிட்ச் போட்டிருக்கும்போது ப்ரொப்பெல்லரை லேசாக அசைத்தாலும் பொறி விழலாம். என் வலக்கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல் உண்டு.

ஊசி இரண்டு. ‘எல்’ என்று குறித்தது குறைந்த வேகத்துக்கு, ‘எச்’ அதிக வேகத்துக்கு. இரண்டையும் மெல்ல மூடுங்கள், தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனையில் வடு விழுந்து, பிறகு எந்த நிலையும் நிலையாக நிற்காது. அங்கிருந்து ‘எல்’ ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று, ‘எச்’ ஒன்றரைச் சுற்று திறங்கள். இது தொடக்கம் மட்டுமே. என்ஜினைக் கிளப்பி இரண்டு நிமிடம் சூடேற விடுங்கள். குளிர்ந்த என்ஜினில் செய்யும் டியூனிங் எல்லாம் வீண்.

முழு த்ராட்டில் கொடுத்து, ‘எச்’ ஊசியை அரைக்கால் அரைக்காலாக, அதாவது சுற்றில் எட்டில் ஒரு பங்காக, மூடிக்கொண்டே வாருங்கள். சத்தம் தெளிந்து சுற்று ஏறும். இனி ஏறாது என்ற உச்சத்தைக் கண்டதும், 200 முதல் 300 சுற்று குறையும் அளவுக்குத் திரும்பத் திறந்துவிடுங்கள். சுற்றை அளக்கும் டாக்கோமீட்டர் இருந்தால் நல்லது, காதும் போதும். ஏன் உச்சத்திலேயே விடக் கூடாது? விமானம் பறக்கத் தொடங்கியதும் ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று இன்னும் ஏறும். தரையில் உச்சம் என்றால் வானத்தில் லீன். லீனாக ஓடும் என்ஜின் இனிமையாகப் பாடும், பிறகு பிஸ்டனில் கோடு விழும்.

அடுத்து ஐட்லிங்கில் அரை நிமிடம் விட்டுவிட்டு, சட்டென்று முழுக்கத் திறங்கள். மூச்சிழுத்து நின்றால், அல்லது ஒரு கணம் தயங்கினால், ‘எல்’ ஊசியை ஒரு வீசம் திறங்கள். பதினாறில் ஒரு பங்கு; நம் பாட்டன்மார் தங்கம் நிறுத்த அளவுப் பெயர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொதபொதத்துப் புகைந்து பிறகு ஏறினால் ஒரு வீசம் மூடுங்கள். முழு வேகத்திலும் ‘எல்’ வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே ‘எல்’லைத் தொட்டால் ‘எச்’சை மறுபடி சரிபார்க்க வேண்டும். பாதி த்ராட்டிலில் நேராகப் பறக்கும்போது என்ஜின் விட்டுவிட்டு அடிப்பதுபோல் உளறினால் எல்லோரும் ‘எச்’சைத் திருகுகிறார்கள். அது ‘எல்’ ரிச்சாக இருப்பதன் அடையாளம்.

பருவத்துக்கு ஏற்ப ஆண்டில் ஓரிரு முறை திருத்துவது நியாயம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மே மாத உச்சிவெயிலில் கச்சிதமாக வைத்த ஊசி மார்கழி விடியலில் சற்று லீனாக இருக்கும். ஊட்டிக்குக் கொண்டுபோனால் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, அதே ஊசி ரிச்சாகி, சக்தியும் குறையும். எனக்குத் தெரிந்து வேறு எதற்கும் திருகத் தேவையில்லை.

பராமரிப்பில் பெரிய வித்தை கிடையாது. பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். எத்தனால் பெட்ரோலை வாரக்கணக்கில் கார்புரேட்டரில் விடக் கூடாது. மிச்சத்தை ஐட்லிங்கில் ஓடித் தீர விடுங்கள். முழுக்கக் காய்ந்தால் சவ்வு விறைக்கும் என்று சிலர் வாதிடுவார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் காய்ந்த சவ்வு வெறும் சில நூறு ரூபாய். ஈரத்தில் துருப்பிடித்த பேரிங் முழு என்ஜினையும் பிரிக்க வைக்கும். மாதக்கணக்கில் பறக்கப்போவதில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் நாலு சுற்று சுற்றி வையுங்கள். கார்புரேட்டர் போல்ட், சைலென்சர் போல்ட், என்ஜினைத் தாங்கும் தூண்கள், இவற்றை ஒவ்வொரு நாளும் விரலால் அசைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் அடியில் எண்ணெய் ஈரம் கசிந்திருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. அதுவும் உங்கள் லீனுக்கு ஒரு காரணம். மர ப்ரொப்பெல்லர் வெயிலில் சுருங்கும், போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். பிளக்கின் முனை வெளுத்திருந்தால் லீன், வெளிர்பழுப்பு என்றால் கவலையில்லை.

உங்கள் விமானத்துக்கு நான் செய்யச் சொல்லும் வரிசை இது. டேங்கைத் திறந்து உள் குழாயை வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தால் மாற்றுங்கள், விறைக்காவிட்டாலும் மாற்றுங்கள், மலிவுதான். பிறகு கார்புரேட்டர் போல்ட், சல்லடை, சவ்வு. பிறகு கௌலிங் இல்லாமல் ஒரு பறப்பு. இவ்வளவும் ஆன பின்புதான் ஊசிகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய் மேலே சொன்னபடி வையுங்கள். ‘எல்’ ஒரு வீசம் கூடுதலாகத் திறந்த நிலையில் நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன், நம் பெட்ரோலுக்காக. இத்தனைக்குப் பிறகும் நின்றால், த்ராட்டில் தகட்டின் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அச்சைச் சுற்றிக் காற்று நுழைகிறது. அதற்கு ஊசியும் இல்லை, கிட்டும் இல்லை; புதுக் கார்புரேட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.